மூணு பி

பழையது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை
செத்துப் பிழைக்கிறது.
பிழைத்திருக்கும்போதே உள்ளே போய்
எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுவிட வேண்டும்.
நூற்றுத் தொண்ணூற்றிரண்டு, நூற்று அறுபத்தெட்டு, ஒன்று, ஒன்று.
அயனாவரத்தில் எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு
இதுதான் உள்கதவின் எண்.

போனில் சர்புதீன்:
"அட்வான்ஸ்டுக்குள்ள போங்க மேடம், பயப்படாதீங்க.
வீலேன் நூறு. அதை விட்டீங்கன்னா
லைட்டு சிவப்பாவே நிக்கும்."
கேஸ் புத்தகத்தின் பின்னட்டையில்
நூறு என்று எழுதி வட்டம் போட்டேன்.

பயனர் பெயர்: ஜெபசெல்வி, ஒரு அடிக்கோடு, மூணு பி.
எனக்கு முன்னால் இங்கே குடியிருந்தவள்.
மஸ்கட்டில் நர்ஸ் என்றார் வாட்ச்மேன்.
பஹ்ரைன், என்று திருத்தினாள் அவர் மனைவி.
பேர் மாற்ற ஐந்நூறு ரூபாயும் ஒரு ஃபாரமும் வேண்டும்.
"விடுங்க மேடம், நெட் வருதில்ல?"

வருகிறது.
கரண்டும் வருகிறது,
வீட்டுக்காரரின் அப்பா கோ. தணிகாசலம் பேரில்.
அவர் போய்ப் பதினோரு வருஷம்.
கேஸ் என் அண்ணன் பேரில்.
எட்டு மாதமாக
அண்ணனாகச் சமைத்து, தணிகாசலமாக விளக்குப் போட்டு,
ஜெபசெல்வியாக உட்கார்ந்து
யார் யாருடைய இன்சூரன்ஸ் கிளெய்மையோ
தள்ளுபடி செய்துகொண்டிருக்கிறேன்.

கடவுச்சொல் எட்டுக் கறுப்புப் புள்ளி.
பக்கத்தில் ஒரு கண். தொட்டேன்.
பிறந்தநாளோ ஊர்ப்பேரோ இருக்கும் என்று நினைத்தேன்.
ஒன்று முதல் எட்டு வரை, வரிசையாக.
சர்புதீன் வைத்தது.

செத்தது.
குக்கரை இறக்கிவிட்டு வந்தேன்.
ஒவ்வொரு விளக்காக யோசித்து யோசித்து ஏற்றியது.

எம்.டி.யு. ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
"முழுசா ஆயிரத்தைந்நூறு வெச்சா என்ன?"
"கவருக்கு எட்டு போயிடும் மேடம்,
லெட்டரை மட்டும் எடை போட்டா எப்படி?
அப்புறம் பேங்க் பக்கம் பாதியில நிக்குதுன்னு
எனக்குத்தான் போன் பண்ணுவீங்க."

புதியதை அவருடைய கருவிக்கு அடையாளம் தெரியாதாம்.
பழையதின் பன்னிரண்டு எழுத்தை
இதற்கும் எழுதிவிட வேண்டுமாம்.
அதற்கு ஒரு பொத்தானே இருக்கிறது.
இந்த வீட்டில் பழகிய வேலைதான், அழுத்தினேன்.

வைஃபை பேரையும் மாற்றவில்லை.
டிவிக்கும் போனுக்கும் திரும்பச் சொல்லித்தரச் சோம்பல்.

கடைசியில், இதுவரை நான் திறக்காத ஒரு பக்கம்.
தடை செய்யப்பட்ட கருவிகள்: ஒன்று.
பன்னிரண்டு எழுத்து.
அதற்கு அவள் வைத்திருந்த பேர்
வேண்டாம்.

பாஸ்வேர்டை மாற்றியிருக்கலாமே.
மாற்றினால் கேட்கிற இடத்தில் இருந்திருக்கும்
அந்தப் போன்.
கேட்டால் சொல்லியாக வேண்டிய இடத்தில் இவள்.
இதுவென்றால் சத்தமில்லை.
சிக்னல் இல்லப்பா, என்னன்னு தெரியல,
என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பியிருப்பாள்.

"வேற ஏதாவது இருக்கா மேடம்?"
"இல்லை" என்றேன்.
பழையது சூடேறிக்கொண்டிருந்தது.
எட்டையும் பி-யையும் குழப்பிவிடாமல்
இரண்டிரண்டாக வாய்விட்டுப் படித்து
புதியதில் ஏற்றினேன்.
அதே பேரையும்.

பச்சை.
பேங்க் முழுதாகத் திறந்தது.
பழையதைத் தீபாவளிச் சட்டை வந்த கவரில் போட்டு
பரணில் வைத்தேன்.

பத்தே முக்காலுக்கு,
படுக்கப் போகிறவள் சும்மா ஒருமுறை
பதிவேட்டைத் திறந்தேன்.
மழை பற்றிய ஒரு வரியும் அதில் இருக்காது,
வெளியே கொட்டிக்கொண்டிருந்தது.
இரவு 10.41. பன்னிரண்டு எழுத்து. மறுக்கப்பட்டது.
இரவு 10.42. மறுக்கப்பட்டது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் எதுவும் இல்லை.
கீழே யாரோ வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார்கள்.
பேர் மாற்ற என்று மேசைமேல் வைத்திருந்த ஐந்நூறை
திரும்பப் பர்ஸுக்குள் வைத்தேன்.